செக்கிங் டேபிள்

ஓட்டை பார்ப்பதுதான் என் வேலை.
இருபத்தாறு வருஷம்,
அங்கேரிபாளையம் ரோட்டில் மூன்று கம்பெனி.
ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்த பனியனில்
ஊசி உடைந்த கோடு, எண்ணெய்ப் பொட்டு,
கடுகை விடச் சின்ன ஓட்டை,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
துளசிமணி கை பட்ட பீஸ்
கப்பலேறினால் திரும்பாது என்பார்கள்.

நாற்பத்திரண்டில் ஊசிக்காது மங்கியது.
பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில்
குடையைக் கவிழ்த்துப் பரப்பியிருந்தவனிடம்
நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கண்ணாடி.
நூல் கோத்தது.
கண் என்றால் அவ்வளவுதானே,
கிட்டத்தில் நூல்,
தூரத்தில் பஸ் நம்பர்.
ஓரத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்.

போன ஆடியில்
பீஸ் ஏற்றிய டிராலி ஒன்று
இடது இடுப்பில் வந்து இடித்தது.
தள்ளி வந்த பீகார் பையன் ரஞ்சயை
லைன் முழுக்கக் கேட்கத் திட்டினேன்,
"கண்ணு பொடனியிலயா இருக்குது?"
அடுத்த வாரம் கதவு நிலை.
அதற்கடுத்து, ரோட்டில்
எங்கிருந்தோ முளைத்த ஒரு பைக்.
பையனைத் திட்டலாம், பைக்காரனைத் திட்டலாம்.
நிலையை?

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
தாடையைத் தாங்கியில் வைத்து
வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள்.
நடுப்புள்ளியை விடக்கூடாது.
ஓரத்தில் பொட்டு மின்னினால்
பட்டனை அமுக்க வேண்டும்.
சிரிப்பு வந்தது. இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.
பொட்டு. அமுக்கினேன்.
பொட்டு. அமுக்கினேன்.
அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை.
மெஷின் நின்னுபோச்சு பாப்பா என்றேன்.
"இல்லைங்க்கா,
மின்னிக்கிட்டேதான் இருக்குதுங்க."

காகிதத்தில் வந்தது என் பார்வை.
இடது ஓரத்தில்
கிரீஸ் விரல் பட்ட துணி போல ஒரு கறுப்பு.
கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார் டாக்டர்,
நரம்பு இழை இழையாக அறுகிறது,
வலிக்காது, அதுதான் சங்கடம்,
போனது வராது,
இருப்பதைக் காப்பாற்றலாம்.
எனக்கே ஏன் தெரியவில்லை என்று கேட்டேன்.
பக்கத்து நிறத்தை எடுத்து
மூளை அதை மூடிவிடும் என்றார்.
அடி பாவி,
எனக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து
ஓட்டையை இழையோட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.
எத்தனை கைவேலை பார்த்திருக்கிறேன்,
இத்தனை சுத்தமாக ஒருத்தரும் ஓட்டியதில்லை.

இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு
கீழ் இமையைச் சட்டைப்பை போல இழுத்து
ஒரு சொட்டு.
மூக்கோரத்தில் விரல் வைத்து
இரண்டு நிமிஷம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஊருக்குப் போனாலும், காய்ச்சல் கண்டாலும்,
இழவு வீட்டிலும் ஒரு சொட்டு.
கடைசி வரைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.
முதல் மாதம் அதற்காக அழுதேன்,
கண்ணீரில் மருந்து போய்விடும் என்று
அதையும் நிறுத்தினேன்.

கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.
குன்னத்தூர் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.
"எனக்கு நல்லாத்தான் தெரியுதுக்கா."
எனக்கும் நல்லாத்தாண்டி தெரிஞ்சுது என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
கறவை கத்துது என்று வைத்துவிட்டாள்.
நாளைக்கு மறுபடி போடுவேன்.

எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் கண்ணு.
கொத்தமல்லி கொசுறு கேட்டால் கண்ணு,
கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்குக் கண்ணு,
வட்டிக்காரனைக்கூட,
நாளைக்குத் தர்றேன் கண்ணு.
ஐம்பத்தொரு வருஷம்
ஊரையெல்லாம் அப்படிக் கூப்பிட்டுத் திரிந்தவள்
உள்ளபடியான கண்ணை
ஒரு நாள் என்னவென்று கேட்டதில்லை.

டேபிளை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.
இடப்பக்கம் சுவர்,
அங்கிருந்து இனி யாரும் வர முடியாது.
பீஸை மட்டும் பழையபடி நடுவுக்கு இழுத்து,
தலையைத் திருப்பி, இன்னொரு தரம் திருப்பி,
முன்னைக்கு இப்போது மணிக்குப் பத்து பீஸ் குறைவு.
சூப்பர்வைசர் கணக்குப் போடுகிறார், போடட்டும்.

டிராலிச் சத்தம் கேட்கிறது.
பார்க்காமலே சொல்கிறேன்,
வலப்பக்கமா வா கண்ணு.